அப்பா இருக்கும்போதே மீசை எடுத்தவன்

தலையில் ஒரு வெள்ளை உறையை மாட்டிவிட்டிருந்தார்கள். தேன் எடுக்கப் போகிறவர்கள் மாட்டிக்கொள்வார்களே, அது மாதிரி. முகத்துக்கு நேராகக் கண்ணாடித்தாள். உள்ளே நான். என் மூக்கையும் வாயையும் அழுத்திக்கொண்டு ஒரு முகமூடி. முகமூடிக்கும் எனக்கும் நடுவில் என் மீசை.

சூசம்மா டீச்சர் உறையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு குழலை நுழைத்து, கொசு மருந்து அடிப்பது போலப் புஸ் புஸ் என்று அடித்தார்.

“செல்வராசே, கசப்பு உண்டோ?”

விஷயம் இதுதான். அந்தத் தண்ணீர் கடுங்கசப்பு. முகமூடி முகத்தோடு சரியாகப் பொருந்தியிருந்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. கசந்தால் எங்கேயோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். கசப்பு நுழைகிற சந்தில் காசநோய்க் கிருமியும் நுழையும். அப்படிப்பட்டவனை மார்புநோய் வார்டுக்குள் விட மாட்டார்கள்.

“இல்ல டீச்சர்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் என் முகம் நாலு பக்கமும் கோணிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வேறு.

“பொய் பறையண்டா மோனே. முகம் கண்டாலே அறியாம்.”

உறையைக் கழற்றினார். என் பின்னால் வரிசையில் நின்ற மாணவிகள் சிரித்தார்கள். அந்த பேட்ச்சில் ஆண் பிள்ளைகள் கைவிரலில் அடங்குவோம். அதில் மீசை என்று சொல்லும்படி வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். உதட்டோடு நிற்கிற மீசை அல்ல. கன்னத்தில் இறங்கி, தாடையைத் தொட்டு, அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மேலே சுருளும் மீசை.

“ஞாயிற்றுக்கிழமை வார்டு தொடங்கும். சனிக்கிழமை ஒரு தடவை கூடி டெஸ்ட் பண்ணித் தராம்” என்ற டீச்சர், தன் மேலுதட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். “இது போகணும்.”

டிகிரிக்குத் தம்பி

சென்ற வாரம் இந்தப் பகுதியில் எழுதிய, நான் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த கதையைப் படித்துவிட்டு, “நீர் படித்தது என்ன படிப்பு ஐயா, டிகிரியா டிப்ளமாவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. என் மாமனாரும் பெண் கொடுப்பதற்கு முன் இதைத்தான் கேட்டார்.

நான் படித்தது நர்ஸிங்கில் அசோசியேட் டிகிரி. முழுப் பட்டத்துக்குத் தம்பி, உதவியாளர் சான்றிதழுக்கு அண்ணன். இரண்டு வருடப் படிப்பு. டூட்டி முடித்துவிட்டு, பஸ்ஸில் தூங்கி, கல்லூரி வாசலில் விழித்துக்கொள்கிறவனுக்கு அது கொஞ்சம் இழுக்கும். முடித்தால் உரிமப் பரீட்சை எழுதலாம். அதிலும் தேறினால் சட்டையில் ‘நர்ஸ்’ என்று பெயரட்டை குத்திக்கொள்ளலாம். அதுவரை நான் கிளினிக்கில் ‘ஏய்’. எங்கள் எகிப்து டாக்டருக்கு ‘யா செல்வா’.

துபாயில் அல் கூஸ் பக்கம் ஒரு குடோனில் பெட்டி தூக்கத்தான் நான் வந்தேன். பிளஸ் டூவில் உயிரியல் படித்தவன் என்பதும், மருந்துப் பெட்டியில் இருக்கும் ஆங்கிலத்தைத் தப்பில்லாமல் படிப்பவன் என்பதும் தெரிந்து, கேம்ப் கிளினிக்கில் எடுபிடியாகப் போட்டார்கள். ரத்த அழுத்தம் பார்ப்பேன், கட்டுப் போடுவேன், வரிசையில் முந்துகிறவனைத் திட்டுவேன். மூன்றாவதில்தான் எனக்கு இயற்கையான திறமை.

அந்த எகிப்து டாக்டர்தான் படிக்கச் சொன்னார். வகுப்புக்கு ஏற்ற மாதிரி டூட்டியையும் மாற்றித் தந்தார். “இந்த பேட்ச் மட்டும்தான். பெயில் ஆனால் கலாஸ். அடுத்த பேட்ச்சுக்கெல்லாம் லீவு மாஃபி” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கலாஸ் என்றால் முடிந்தது, மாஃபி என்றால் கிடையாது. கோபமாகச் சொல்லவில்லை. தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே சொன்னார். அப்படிச் சொல்வதுதான் பயம்.

என்னென்ன வேண்டும்?

நர்ஸ் ஆவதற்கு இரக்க குணம் வேண்டும் என்று வெளியில் நினைக்கிறார்கள். கல்லூரியில் அதை யாரும் கேட்கவில்லை.

கேட்டது வேறு. பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழில் சென்னையில் ஒரு முத்திரை, டெல்லியில் ஒரு முத்திரை, துபாயில் ஒரு முத்திரை. என் உயிரியல் மதிப்பெண்ணை இவ்வளவு பேர் உற்றுப் பார்ப்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் படித்திருப்பேன். பிறகு ஆங்கிலத் தேர்வு. போலீஸ் நன்னடத்தைச் சான்று. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, தவணை தவணையாக. சின்னம்மை வந்துபோனதா என்று ரத்தப் பரிசோதனை. நெஞ்சை அழுத்தி உயிர் கொடுக்கும் பயிற்சிக்கு ஒரு அட்டை. அந்தப் பயிற்சியில் நான் அழுத்திய அழுத்தில் பொம்மையின் விலா ‘டக்’ என்றது. “பெட்டி தூக்கின கை அல்லே?” என்றார் சூசம்மா டீச்சர்.

இவரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோட்டயம் பக்கத்துக்காரர். வளைகுடாவுக்கு வந்து தலை நரைத்தவர். மலையாளத்தில் தமிழ் பேசுவார், தமிழில் ஆங்கிலம் பேசுவார். எந்த மொழியில் பேசினாலும் எங்களுக்குப் பயமாக இருக்கும்.

முதலில் உடற்கூறு, உடலியக்கம், நுண்ணுயிரியல். இவற்றில் தேறினால்தான் அடுத்ததற்கு விடுவார்கள். பிறகு மருந்தியல், மருந்துக் கணக்கு. கணக்கில் நூற்றுக்கு நூறு வேண்டும். ஒன்று குறைந்தாலும் பெயில். “தொண்ணூறு எடுத்தா, மீதி பத்து நோயாளி எங்கே?” என்று டீச்சர் கேட்டார்.

அதற்கப்புறம்தான் வார்டு. அறுவை சிகிச்சை, பொது மருத்துவம், குழந்தைகள், மனநலம், மார்புநோய் என்று ஒவ்வொரு வார்டிலும் இத்தனை மணிநேரம் நின்றிருக்க வேண்டும். ஒன்றில் மணி குறைந்தாலும் பட்டம் கிடையாது. பிரசவ வார்டில் மட்டும் எங்களுக்கு விலக்கு. அந்த ஊரில் ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். ஆகவே ரப்பர் அம்மாவுக்கு ரப்பர் குழந்தையைப் பிரசவம் பார்த்தோம். என் கையில் குழந்தை வழுக்கி மேஜைக்கு அடியில் போய்விட்டது. தாயும் சேயும் நலம் என்று அறிவித்தேன். மறுபடி செய்யச் சொன்னார்கள்.

எல்லாம் தாண்டியாகிவிட்டது. மார்புநோய் வார்டு ஒன்றுதான் பாக்கி. அங்கே போக இந்த முகமூடிப் பரீட்சை. இதற்குப் படிக்கப் புத்தகம் கிடையாது. பிட் அடிக்க முடியாது. கொஞ்ச நாளைக்கு முன்பு ஏதோ ஒரு காய்ச்சல் நாடு நாடாகப் பரவுகிறது என்று பயம் கிளம்பியதிலிருந்து, மருத்துவமனைகள் இதில் கறாராகிவிட்டன.

மீசையின் சொந்தக்காரர்

எடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, முடிதானே, வளரும் என்று கேட்பீர்கள். டீச்சரும் கேட்டார்.

எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அங்கே ஒருவன் திடீரென்று மீசையில்லாமல் தெருவில் வந்தால் யாரும் “ஏன்?” என்று கேட்க மாட்டார்கள். “எப்ப?” என்றுதான் கேட்பார்கள். தகப்பன் போனால் மூத்த மகன் மீசை எடுப்பான். மற்றபடி மீசைக்குக் கத்தி படக் கூடாது. அப்பா இருக்கும்போது எடுப்பது, அவர் இருக்கும்போதே பந்தல் போடுவது மாதிரி.

என் அப்பா அரசு பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ் வளைவில் திரும்புவதற்கு முன்னால் அவர் மீசை திரும்பும் என்பார்கள். அவர் அதை எடுத்து நான் பார்த்தது ஒரே முறை, தாத்தா போனபோது. குளத்திலிருந்து ஈரத் துண்டோடு வந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. மேலுதடு மட்டும் வெளுப்பாக, வெயிலே படாத இடமாக இருந்தது. வேறு யாரோ அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார் என்று கத்தினேன். சாவு வீட்டில் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும்தான்.

எனக்கு மீசை அரும்பியபோது அவர் தன் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் வைத்தார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை சாயங்காலம் போன் கார்டைச் சுரண்டி வீட்டுக்கு அடித்தேன். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று எண்ணம். அம்மா எடுத்தாள். அப்பா டீக்கடைக்குப் போயிருந்தார்.

“எதுவும் சொல்லணுமாடா அவருகிட்ட?”

“ஒண்ணுமில்லம்மா. அங்க மழை பெய்யுதா?”

“சித்திரையில ஏதுடா மழை?”

அப்படியா என்று வைத்துவிட்டேன். மயக்கமடைந்தவனை எழுப்பக் கற்றுக்கொண்டவன், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தைரியமில்லாதவன். இரண்டும் ஒரே ஆள்தான்.

“அப்பா இருக்காருல்ல?”

வெள்ளிக்கிழமை காலை. கேம்ப்புக்கு எதிர்வரிசையில் சாமிநாதன் சலூன். திருத்துறைப்பூண்டிக்காரர். கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“சேவிங்கா தம்பி?”

“ஆமாண்ணே. மீசையும் சேத்து.”

கத்தி நின்றது. கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரும் படிப்பதை நிறுத்தினார். சாமிநாதன் என் தோளில் கை வைத்தார்.

“எப்ப தம்பி?”

“இல்லண்ணே, அப்பா நல்லாருக்காரு.”

“அப்பா இருக்காருல்ல?”

“இருக்காருண்ணே. இது படிப்புக்காக.”

“படிப்புக்கு எதுக்கு மீசைய எடுக்கணும்? மீசையிலயா படிக்கிறீங்க?”

முகமூடி, கசப்பு, காசநோய் எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கத்தியை மடக்கி உள்ளே வைத்தார்.

“நீங்க சொல்றது நியாயந்தான். ஆனா இருக்கிற மனுசனுக்கு என் கையால எடுக்க மாட்டேன் தம்பி. நாளைக்கு அவருக்கு ஒரு தலைவலின்னா எனக்குத் தூக்கம் வராது. நாலு கடை தள்ளி கான் பாய் இருக்காரு. அவுங்களுக்கு இதெல்லாம் கிடையாது.”

கான் பாய் பெஷாவர்க்காரர். “மூச் பீ?” என்றார், மீசையுமா என்று. ஆமாம் என்று தலையசைத்தேன். அசைத்த தலை நிற்பதற்குள் இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கம் போய்விட்டது கத்தி. “கலாஸ்!” என்று கண்ணாடியைத் திருப்பினார்.

கண்ணாடியில் எங்கள் பள்ளிக்கூடத் தமிழம்மா மாதிரி ஒருவர் இருந்தார். வணக்கம் சொல்லத் தோன்றியது.

அறையில் ஒரு துக்கம்

ரூமுக்கு வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். உதட்டுக்கு மேல் எரிச்சல். ஏதோ ஒரு கதவைத் திறந்து போட்ட மாதிரி காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

என் கட்டிலுக்கு மேல்கட்டில் முத்துக்கருப்பண்ணன். கிரேன் ஓட்டுகிறவர், பக்கத்து ஊர்க்காரர். ஜும்மாவுக்குப் போனவர்கள் தவிர மற்றவர்கள் அன்று ரூமில்தான். அண்ணன் குளித்துவிட்டு வந்து என்னைப் பார்த்தார். போர்வையை என் காலுக்கு இழுத்துவிட்டார். வெளியே போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ரூமில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. மதியத்துக்கென்று ஊறவைத்திருந்த கோழி பிரிட்ஜுக்குள் போனது. சாம்பார் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பார்! எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை பேர் என் மீசைக்காகச் சைவம் சாப்பிடுகிறார்களே என்று நெஞ்சு நெகிழ்ந்துபோனேன். அவ்வளவு பெரிய மீசை என்று எனக்கு எப்போதும் ஓர் எண்ணம் உண்டு.

முத்துக்கருப்பண்ணன் டீயோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“மனச விட்றாத செல்வராசு. போனது போனதுதான்.”

“ஆமாண்ணே. பழகிரும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“கெடப்புல கெடந்தாரா, திடீர்னா?”

“யாருண்ணே?”

“டிக்கெட்டு போட்டாச்சா? முகம் பாக்க முடியாட்டியும் கருமாதிக்காவது போகணும்ல. கம்பெனியில நாங்க பேசுறோம்.”

எழுந்து உட்கார்ந்தேன். விஷயம் பிடிபட்டதும் முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி ஊர் ஞாபகம் வந்தது.

“அண்ணே, ஊர்ல யாருக்கும் சொல்லலல்ல?”

அண்ணன் டீ டம்ளரைப் பார்த்தார்.

“ஒங்க அண்ணிகிட்ட மட்டுந்தான்டா சொன்னேன். போய்த் துட்டி கேட்டுட்டு வான்னேன். அவளும் இன்னும் சாவுத் தாக்கல் வரலியே, இப்பத்தான் ஆயிருக்கும் போலன்னு கெளம்பிட்டா.”

செத்தவர் எடுத்த போன்

போன் கார்டு வாங்க ஓடினேன். செருப்பு ஒன்று என்னுடையது, ஒன்று அண்ணனுடையது.

மணி அடித்ததும் எடுத்தார்கள். குரல் அப்பாவுடையது.

“யாரு?”

“அப்பா, நான் செல்வராசு.”

“சொல்லு. நான் போய்ச் சேந்துட்டேன்.”

பின்னால் கூட்டச் சத்தம். அம்மா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

நடந்ததை அப்பா சொன்னார். கோபத்தில் சொன்னார் என்றாலும் வரிசையாகச் சொன்னார். அந்தக் காலத்து ஓட்டுநர். விபத்தை விவரித்துப் பழக்கம். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார். வாசலில் அழுகைச் சத்தம். யாரு வீட்ல என்று வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தால், முத்துக்கருப்பன் பெண்டாட்டியோடு ஒரு வேன் நிறையப் பெண்கள், தலைவிரி கோலமாக. அவரைப் பார்த்ததும் எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். பெரியாத்தா ஒருத்தி மட்டும் ஒப்பாரியை நிறுத்தவில்லையாம். “ஆரம்பிச்சுட்டேன் தம்பி, இந்த ஒரு அடிய முடிச்சுக்கிறேன்” என்று முடித்துவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தாளாம்.

“கீழத்தெரு ராமையா மாலையோட வந்துட்டான்டா. மாலைய என்ன பண்றதுன்னு கேக்குறான்.”

“என்னப்பா சொன்னீங்க?”

“பிள்ளையாருக்குப் போடச் சொன்னேன்.”

நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

“சிரிக்கிறியா? எடுத்தியாடா?”

“எடுத்தேம்பா.”

கார்டில் காசு கரைந்துகொண்டிருந்தது.

“எதுக்கு?”

“ஒரு மாஸ்க்குப்பா. நெஞ்சுச்சளி நோயாளிங்க வார்டு. காத்து உள்ள போகக் கூடாது.”

“காத்து போகக் கூடாதுன்னா மூக்க எடுக்க வேண்டியதுதான? அது என் மீசைடா. நான் இருக்கையில நீ யாரக் கேட்டு…”

கார்டு முடிந்துவிட்டது. இன்னொரு கார்டு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

சனிக்கிழமை

மறுபடியும் வெள்ளை உறை. மறுபடியும் புஸ் புஸ். என் வழவழப்பான முகத்தைப் பார்த்து சூசம்மா டீச்சர் “இப்போ நல்ல குட்டி” என்றார்.

தலையை இந்தப் பக்கம் திருப்பு. அந்தப் பக்கம் திருப்பு. மேலே பார். கீழே பார். ஏதாவது பேசு. கை எலும்புகளின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். மணிக்கட்டு வருவதற்குள் நாக்கின் நுனியில் ஏதோ. இல்லை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உள்ளங்கைக்கு வந்தபோது சந்தேகமே இல்லை. கசந்தது.

பொய் சொல்லலாமா என்று நினைத்தேன். இந்த முறை முகத்தைக் கோணாமல் வைத்துக்கொள்ளவும் முடிந்திருக்கும். பழகிவிட்டது. கையைத் தூக்கினேன்.

“கசக்குது டீச்சர்.”

உறையைக் கழற்றினார்கள். மீசையும் போய், அப்பாவும் போய், படிப்பும் போனவனாக நாற்காலியில் உட்கார்ந்தேன். எகிப்து டாக்டர் சர்க்கரையைக் கலக்குவது கண்ணில் தெரிந்தது. மறுபடியும் குடோன். பெட்டி.

டீச்சர் என் தாடையைப் பிடித்து, கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

“நினக்கு இத்தற சின்ன முகமோ? மீசை உள்ளப்போ அறிஞ்ஞில்லா.”

அலமாரியிலிருந்து சின்ன அளவு முகமூடி ஒன்றை எடுத்தார். பெண் பிள்ளைகள் போடுவது. மாட்டினார். புஸ் புஸ் புஸ். கை எலும்பு முடிந்து கால் எலும்பும் முடிந்தது. நாக்கில் காலையில் குடித்த டீயின் ருசி மட்டும் இருந்தது.

“பாஸ்” என்றார்.

சந்தோஷம் இறங்கியதும் ஒரு கேள்வி மேலே வந்தது. “டீச்சர், அப்போ அன்னைக்கே மீசையோட இந்தச் சின்ன மாஸ்க்கைப் போட்டிருந்தா…”

“அது இனி சோதிக்கண்டா” என்றார். நானும் விட்டுவிட்டேன். சில சந்தேகங்களைத் தீர்த்துக்கொள்ளாமல் இருப்பதுதான் உடம்புக்கு நல்லது.

மறுநாள் மார்புநோய் வார்டுக்குப் போனேன். சளி மாதிரி எடுத்தேன், நோயாளிகள் மாத்திரையை விழுங்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்தேன், படுக்கை மாற்றினேன். முகமூடிக்கு மேலே கண் மட்டும்தான் தெரியும். மீசை இருக்கிறதா இல்லையா என்று ஒரு நோயாளிக்கும் தெரியாது. ஒருவரும் கேட்கவுமில்லை.

ஒரு வாரம் கழித்து

அடுத்த வெள்ளிக்கிழமை, பெரிய கார்டாக வாங்கிக்கொண்டு போனேன். மனத்துக்குள் மன்னிப்பை ஒத்திகை பார்த்திருந்தேன். அப்பா அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“உன் சித்தப்பன் வரலடா” என்றார்.

“எதுக்குப்பா?”

“என் சாவுக்கு. அன்னைக்கு அவ்வளவு பேரு வந்தாங்க. மேலத்தெருவுல பேச்சு வார்த்தையே இல்லாத மனுசன், சைக்கிள்ல விழுந்தடிச்சு வந்தான். கூடப் பொறந்தவன் அறந்தாங்கியில இருந்துக்கிட்டு, பஸ் இல்லன்னானாம். நான் ஓட்டின ரூட்டுடா அது. எத்தன பஸ்சுன்னு எனக்குத் தெரியாதா?”

ஒரு வாரமாகக் காலையும் மாலையும் கடைத்தெருவைச் சுற்றி வருகிறாராம், தான் இருப்பதை ஊருக்குக் காட்டுவதற்காக. அதில் முட்டிவலி கூடக் குறைந்துவிட்டதாக அம்மா இடையில் புகுந்து சொன்னாள். டீக்கடையில் பெரிய மரியாதை. செத்துப் பிழைத்தவரிடம் யாரும் கடன் பாக்கி கேட்பதில்லை.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

“அந்தப் பரீட்ச என்னாச்சு?”

“பாஸ்ப்பா. இந்த வார்டு முடிஞ்சா படிப்பு முடிஞ்சிரும்.”

“முடிச்சுட்டு எங்க வேலை?”

“பெரிய ஆஸ்பத்திரியில கேட்டிருக்கேம்பா. இதே மாதிரி வார்டுதான். ஆள் கம்மியா இருக்காங்களாம்.”

“அங்கயும் அந்த மாஸ்க்குதானா?”

“ஆமாப்பா. அங்க முழுச் சவரம்தான் சட்டம். வருசா வருசம் பரீட்சையும் உண்டு.”

அப்பா யோசிப்பது எனக்குக் கேட்டது. அவர் யோசிக்கும்போது மீசையைக் கீழே இழுத்து விடுவார். வாய்க்குப் பக்கத்தில் போன் இருந்தால் அந்தச் சரசரப்பு கேட்கும்.

“அப்ப நீ மீச வைக்கவே மாட்ட.”

அதை அதுவரை நான் யோசிக்கவில்லை. ஒரு நாள் எடுப்பதைப் பற்றித்தான் யோசித்திருந்தேன்.

“வைக்க முடியாதுப்பா.”

“நான் போனா எத எடுப்ப?”

பக்கத்து போனில் ஒரு வங்காளத்து ஆள் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்.

“சரி, ஒண்ணு செய்” என்றார் அப்பா, பஸ்ஸுக்கு வழி சொல்கிற குரலில். “எல்லாரும் அப்பன் போனா எடுப்பான். நீ நான் போனா வச்சுக்க.”

வைத்தேன்

படிப்பை முடித்தேன். உரிமப் பரீட்சையிலும் தேறினேன். பெரிய மருத்துவமனையில் சேர்ந்து, வருடா வருடம் கசப்பு அடித்துக்கொண்டு, சின்ன முகமூடியோடு வேலை பார்த்தேன். சட்டையில் ‘நர்ஸ்’ என்று இருந்தது. யாரும் ‘ஏய்’ என்று கூப்பிடவில்லை.

அப்பா போனது இதற்கெல்லாம் பல வருடம் கழித்து. இந்த முறை தாக்கல் சரியாக வந்தது. சித்தப்பாவும் வந்தார்.

காரியத்தன்று குளக்கரையில் தலையை மழித்தார்கள். உதட்டுக்கு மேல் கத்தியைக் கொண்டுவந்தவர், அங்கே எடுக்க ஒன்றும் இல்லாததால் பேருக்கு ஒரு தடவை தடவப் போனார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

லீவு முடியும்வரை முழுச் சவரம் செய்யவில்லை. தாடியை மட்டும் ஒதுக்கிவிட்டு மீசையை விட்டேன். அப்பன் செத்ததற்கு மீசை வைத்தவன் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

விமானத்துக்குக் கிளம்புகிற நாள் காலையில், மீசையை எடுக்க, கொல்லையில் கண்ணாடியை வைத்து, கத்தியும் கையுமாகக் கன்னத்திலிருந்து சோப்பு போட ஆரம்பித்தேன். துணி காயப்போட வந்த அம்மா, பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

“அவருக்கு மாதிரியே எடது பக்கம் மட்டும் நரைச்சிருக்குடா” என்றாள்.

இத்தனை வருடம் மீசையே இல்லாததால் எனக்கு அது தெரிய வழியில்லாமல் போயிருந்தது. கத்தியைக் கீழே வைத்தேன். விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சோப்பு காயும்வரை அம்மாவும் நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.